துணிக்கடையில் கணக்கியல் படிக்கும் மகள்

கேள்வி: என் மகள் பினாங்குத் தீவில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். இந்தப் பருவத்தில் ஒரு பாடத்துக்குத் தேர்வே கிடையாதாம். அதற்குப் பதிலாக நான்கு மாணவர்கள் சேர்ந்து, லெபோ பாசாரில் உள்ள ஒரு துணிக்கடைக்குக் கணக்கு முறையை அமைத்துக் கொடுக்க வேண்டும். விற்பனை விலைப்பட்டியலை இணையவழி வரி வாரியத்துக்கு அனுப்பும் மின் விலைப்பட்டியல் முறைக்கும் கடையைத் தயார் செய்ய வேண்டும். ஆறு வாரம் ஆகிவிட்டது. வாரம் இரண்டு நாள் பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறிப் போகிறாள். பெரும்பாலும் சேலை மடித்துவிட்டுத் திரும்பி வருகிறாள். குழுவில் இருவர் வருவதே இல்லை. விரிவுரையாளர் ஒரு முறைகூடக் கடைக்கு வரவில்லை. பிடிபிடிஎன் கல்விக் கடன் வாங்கிப் படிக்க வைப்பது இதற்குத்தானா? டீனுக்குப் புகார் எழுதலாமா, அல்லது தேர்வு உள்ள வேறு பாடத்துக்கு மாறச் சொல்லலாமா? அடுத்த பருவம் தொழிற்பயிற்சி. கோலாலம்பூரில் நிறுவனம் நடத்தும் உறவினர் ஒருவர், "பிள்ளை இங்கே வர வேண்டியதில்லை, பயிற்சிக் குறிப்பேட்டில் நான் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், அந்த மூன்று மாதமும் எங்காவது வேலை செய்து சம்பாதிக்கட்டும்" என்கிறார். நான் ஒரு சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளர். எனக்கு இதெல்லாம் புரியவில்லை.
— ஒரு தந்தை, பிறை

பதில்:

ஐயா, டீனுக்கு இப்போது எழுத வேண்டாம். பாடத்தை மாற்றவும் வேண்டாம். ஆனால் உங்கள் கோபத்தில் ஒரு பகுதி முழுக்க நியாயமானது. தணிக்கை நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டுப் பிறகு மாணவர்களின் தொழிற்பயிற்சியை ஒருங்கிணைக்கும் பொறுப்புக்கு வந்தவள் நான். கடைக்கு மாணவர்களை அனுப்பும் பாடங்கள் நன்றாக நடந்ததையும் பார்த்திருக்கிறேன், பெயருக்கு நடந்ததையும் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் நீங்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும்.

மாணவர் செய்யும் வேலைக்காக யாராவது ஒருவர் உண்மையிலேயே காத்திருக்க வேண்டும். அந்த வேலையை ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்க இன்னொருவர் இருக்க வேண்டும். முதலாமவர் கடைக்காரர், இரண்டாமவர் விரிவுரையாளர். கடைக்காரருக்குத் தேவையே இல்லாத அறிக்கையை மாணவர்கள் எழுதிக்கொண்டிருந்தால் அது வகுப்பறைப் பயிற்சிதான், இடம் மட்டும் மாறியிருக்கிறது. விரிவுரையாளர் எட்டியே பார்க்காவிட்டால், உங்கள் மகள் அந்தக் கடைக்குச் சம்பளமில்லாத ஆள். உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது முதல் நிபந்தனை நிறைவேறியிருப்பதாகத் தோன்றுகிறது. இரண்டாவதுதான் பழுதாகிக் கிடக்கிறது. அதைச் சரிசெய்ய இன்னும் நேரம் இருக்கிறது. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் பருவம் என்பது 14 வாரம். இப்போது பாதிகூட முடியவில்லை.

தேர்வு இல்லை என்பதால் படிப்பு இல்லை என்று நினைக்காதீர்கள். எம்கியூஏ எனப்படும் மலேசியத் தகுதி முகமை, பாடத்தின் அளவைக் குறிக்கும் ஒரு கிரெடிட்டுக்கு மாணவரின் 40 மணி நேர உழைப்பைக் கணக்கு வைக்கிறது. மூன்று கிரெடிட் பாடம் என்றால் 120 மணி. வகுப்பில் உட்காரும் நேரம், வீட்டில் படிக்கும் நேரம், பயிற்சிகள் செய்யும் நேரம் எல்லாம் அதற்குள் அடங்கும். கடையில் நிற்கும் நேரமும் அப்படித்தான். நீங்கள் கட்டும் கட்டணம் விரிவுரைக்கு மட்டுமானது அல்ல. அந்த 120 மணியையும் திட்டமிட்டு வழிநடத்தவும் சேர்த்துத்தான் கட்டுகிறீர்கள். ஆகவே கடையில் கழியும் மணிகளும் வழிநடத்தப்பட வேண்டும் என்று கேட்கும் உரிமை உங்கள் மகளுக்கு இருக்கிறது.

இது நேற்று முளைத்த மோகமும் அல்ல. அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பொறியியல் பேராசிரியர் 1906-இல் மாணவர்களை ஒரு வாரம் வகுப்பு, ஒரு வாரம் தொழிற்சாலை என மாறி மாறி அனுப்பத் தொடங்கினார். நம் நாட்டிலேயே மருத்துவம் படித்தவர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராக இருந்து முடிக்காமல் முழுப் பதிவு பெற முடியாது; சட்டம் படித்தவர் ஒன்பது மாதம் மூத்த வழக்கறிஞரிடம் பயிற்சி பெற வேண்டும். கணக்கியலிலும் அப்படித்தான். பட்டம் வாங்கிய மறுநாளே ஒருவர் பட்டயக் கணக்காளர் ஆகிவிட முடியாது. மலேசியக் கணக்காளர் கழகத்தில் சேர, பட்டத்துக்கு மேல் மூன்று ஆண்டு தொடர்புடைய பணி அனுபவம் தேவை. உங்கள் மகள் இப்போது லெபோ பாசாரில் தொட்டிருப்பது அந்த நீண்ட பாதையின் முதல் படி.

சேலை மடிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். முதல் இரண்டு வாரம் அவள் சேலை மடித்ததில் எனக்கு வருத்தமே இல்லை. கணக்கியல் மாணவர் துணிக்கடையில் முதலில் தொட வேண்டியது துணியைத்தான். பாடப்புத்தகத்தில் சரக்கு என்பது ஒரே ஒரு தொகையாக வரும். கூட்டிக் கழித்தால் கணக்கு முடிந்துவிடும். கடையில் அந்தத் தொகை கண்ணுக்கு முன்னால் அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. தீபாவளிக்கு வரவழைத்து விற்காமல் போன சேலைகள் அடியில் கிடக்கும். அவற்றைக் கொள்விலைக்கே கணக்கில் வைக்கலாமா? கொள்விலை அல்லது விற்றால் நிகரமாகக் கிடைக்கும் மதிப்பு, இவற்றில் எது குறைவோ அதையே எழுத வேண்டும் என்பது விதி. அந்த விதியைத் தேர்வில் ஒரு வரியில் எழுதி முழு மதிப்பெண் வாங்கிவிடலாம். ஆனால் இந்தச் சேலை அடுத்த ஆண்டு என்ன விலைக்குப் போகும் என்று கடைக்காரரிடம் கேட்டு, அவர் சொல்லும் விலை ஆசையா அனுபவமா என்று யோசித்து, ஒரு தொகையை எழுதி, அதற்குக் காரணம் சொல்லும்போதுதான் அந்த விதி அவளுடையதாகிறது. இன்னொன்று: சில கடைகளில் விற்றால் பணம், விற்காவிட்டால் திருப்பி அனுப்பலாம் என்ற ஒப்பந்தத்தில் வந்த சரக்கும் கலந்திருக்கும். அலமாரியில் இருப்பதெல்லாம் கடைக்காரருடைய சொத்து அல்ல. இதைக் கண்டுபிடிக்கக் கையால் மடித்தால்தான் முடியும், அட்டையைப் புரட்டிப் பார்த்தால்தான் முடியும்.

இந்த விஷயத்தில் உங்களுக்கு ஒன்றும் புரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நான் ஏற்க மாட்டேன். கிடங்கில் இருப்பு எண்ணுவது எப்படி, எண்ணும்போது சரக்கு உள்ளே வந்தால் என்ன செய்வது, சேதமான பெட்டியை எங்கே ஒதுக்குவது, ஏட்டில் 200 இருந்து கையில் 194 இருந்தால் யாரிடம் போய்க் கேட்பது என்பதெல்லாம் உங்களுக்கு அத்துப்படி. உங்கள் மகள் அந்தக் கடையில் இருப்பு எண்ணும் நாளுக்கு முன்பு உங்களிடம் ஒரு மணி நேரம் உட்காரட்டும். அவளுடைய விரிவுரையாளர் பலருக்கும் இல்லாத அறிவு அது.

கடன் நோட்டு அதைவிடப் பெரிய பாடம். நம் ஊர்க் கடைகளில் 555 எனப்படும் சிறு புத்தகத்தில் வாடிக்கையாளர் கடனை எழுதி வைக்கும் பழக்கம் இன்றும் இருக்கிறது. அந்தப் புத்தகத்தில் உள்ள தொகையை எல்லாம் கூட்டி வர வேண்டிய கடன் என்று எழுதிவிடுவது மிக எளிது. ஆனால் அதில் யார் மாதாமாதம் தருகிறவர், யார் ஜொகூருக்குக் குடிபெயர்ந்துவிட்டார், யாரிடம் கேட்கக் கடைக்காரருக்கே மனம் வராது என்பதெல்லாம் அவருடைய நினைவில் மட்டும்தான் இருக்கும். அதைப் பக்குவமாகக் கேட்டு வாங்கி, வராக் கடன் எவ்வளவு என்று மதிப்பிட வேண்டும். அப்படிக் கேட்பதற்கு மரியாதை தெரிந்திருக்க வேண்டும், பொறுமை வேண்டும், தமிழும் வேண்டும். எந்த மென்பொருளும் இதைச் செய்து தராது. பணப்பெட்டியும் அப்படியே. பிள்ளையின் டியூஷன் கட்டணத்துக்குக் கடைக்காரர் கல்லாவிலிருந்து எடுக்கும் பணம் கடைச் செலவு அல்ல, உரிமையாளரின் சொந்த எடுப்பு. இதை ஒரு பெரியவரிடம் எடுத்துச் சொல்லி, இனி தனியாக எழுதி வைக்கச் சம்மதிக்க வைப்பது 21 வயதுப் பெண்ணுக்குச் சின்ன வேலை இல்லை.

மின் விலைப்பட்டியலைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைக்காரர் உண்மையில் காத்திருப்பது அதற்காகத்தான் என்று நினைக்கிறேன். உள்நாட்டு வருமான வரி வாரியம் 2024 ஆகஸ்ட் 1-இல் ஆண்டு விற்பனை 100 மில்லியன் ரிங்கிட்டைத் தாண்டிய நிறுவனங்களில் தொடங்கி, கட்டம் கட்டமாகக் கீழே உள்ள நிறுவனங்களுக்கும் அதைக் கட்டாயமாக்கியது. சிறு வியாபாரங்களுக்கு விலக்கு வரம்பும் உண்டு. ஆகவே மாணவர்களின் முதல் வேலை மென்பொருளைத் தேடுவது அல்ல. இந்தக் கடையின் ஆண்டு விற்பனை உண்மையில் எவ்வளவு என்று கண்டறிவதுதான். ஒழுங்கான கணக்கே இல்லாத கடையில் அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடினாலே பாதிப் பாடம் முடிந்துவிடும். கடமை உண்டு என்று தெரிந்தால், வாரியம் இலவசமாகத் தரும் மைஇன்வாய்ஸ் தளமே போதுமா என்று பார்க்கலாம். தனி விலைப்பட்டியல் கேட்காத வாடிக்கையாளர்களுக்கான விற்பனையைச் சேர்த்து, மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் ஒரே தொகுப்பாக அனுப்பவும் வழி இருக்கிறது. கடை வரம்புக்குக் கீழே இருக்கிறது என்று தெரிந்தால் அதையும் ஆதாரத்தோடு எழுதிக் கொடுக்கலாம். 'உங்களுக்கு இப்போது தேவையில்லை' என்பதும் ஒரு தொழில்முறை ஆலோசனைதான். ஆவணங்களை ஏழு ஆண்டு பாதுகாக்க வேண்டும் என்று வருமான வரிச் சட்டம் சொல்வதை மட்டும் எப்படியும் அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இவ்வளவும் அங்கே இருக்க, ஆறாவது வாரத்திலும் அவள் சேலைதான் மடித்துக்கொண்டிருக்கிறாள் என்றால் அது தவறு. இங்கேதான் உங்கள் கோபம் நியாயமாகிறது. கடைக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவருக்குக் கடை நடத்தத் தெரியும், மாணவர்களை நடத்தத் தெரிய வேண்டிய அவசியமில்லை. சும்மா நிற்கிற பிள்ளைகளுக்கு அவர் கண்ணில் பட்ட வேலையைக் கொடுக்கிறார். எந்த வாரம் எதைப் பார்க்க வேண்டும், கடைக்காரர் எதைத் தர வேண்டும், மாணவர்கள் எதை ஒப்படைக்க வேண்டும் என்று முன்கூட்டியே அவரோடு உட்கார்ந்து பேசி எழுதி வைத்திருக்க வேண்டியவர் விரிவுரையாளர். அனுபவம் எல்லாமே கல்வி ஆகிவிடாது, சில அனுபவங்கள் கற்கும் ஆர்வத்தையே கெடுத்துவிடும் என்று கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி 1938-லேயே எச்சரித்தார். மாணவர்களை வெளியே அனுப்பிவிட்டால் கற்பித்தல் தானாக நடந்துவிடும் என்று நம்புகிற துறைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். கடைக்கு அனுப்புகிற பாடத்தில் ஆசிரியருக்கு வேலை கூடுமே தவிரக் குறையாது.

ஆனால் எழுத வேண்டியவர் நீங்கள் இல்லை, உங்கள் மகள். அவள் சட்டப்படி வயது வந்தவள். தந்தை டீனுக்கு எழுதினால் கடிதம் மேலிருந்து கீழே வரும். விரிவுரையாளர் தற்காப்பில் இறங்குவார். பிறகு அந்த வகுப்பில் உட்கார வேண்டியவள் அவள்தான். அவளே விரிவுரையாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பட்டும். குறை சொல்லும் தொனி வேண்டாம். ஆறு வாரத்தில் என்ன பார்த்தோம், எந்த ஏடுகளை இன்னும் பார்க்க முடியவில்லை, மீதி வாரங்களில் என்ன செய்ய உத்தேசித்திருக்கிறோம் என்று ஒரு பக்கத்தில் எழுதி, ஒரு நாள் கடைக்கு வந்து கடைக்காரரோடு சேர்ந்து இதை உறுதிப்படுத்திக் கொடுக்க முடியுமா என்று தேதி குறிப்பிட்டுக் கேட்கட்டும். ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் பாட ஒருங்கிணைப்பாளருக்கும், அங்கும் அசைவில்லை என்றால் துறைத் தலைவருக்கும் அதே கடிதத்தை இணைத்து அனுப்பலாம். இதையெல்லாம் தாண்டியும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் டீன் இருக்கிறார்.

வராத இரண்டு பேரைப் பற்றி: வேலையிடத்தில் இப்படித்தான் இருக்கும், பழகிக்கொள் என்று அவளிடம் சொல்லிவிடாதீர்கள். வேலையிடத்தில் வராதவருக்குச் சம்பளம் கிடைக்காது. குழு மதிப்பெண் எல்லோருக்கும் சமமாகப் போகும்படி பாடத்தை அமைப்பது ஆசிரியரின் குறை. குழுவில் ஒருவரை ஒருவர் மதிப்பிடும் முறையோ ஒவ்வொருவரிடமும் தனியே கேட்கும் வாய்மொழித் தேர்வோ இருக்கிறதா என்று பாட விவரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இப்போதே கேட்கட்டும், கடைசி வாரத்தில் அல்ல. யார் எந்த நாள் வந்தார், எந்த வேலையை ஏற்றார் என்று ஒவ்வொரு சந்திப்புக்கும் சுருக்கமான குறிப்பு எழுதி நான்கு பேருக்கும் அனுப்பி வைப்பது நல்லது. அந்த இருவரிடமும் ஒரு முறை நேரில் பேசிப் பார்க்கவும் வேண்டும். பகுதி நேர வேலைக்குப் போய்க் குடும்பத்துக்குக் கொடுக்கும் பிள்ளைகள் நம்மிடையே நிறைய உண்டு. வேலை நாளில் கடைக்கு வர முடியாதவர் இரவில் கணக்கைப் பதிவு செய்யலாம்.

தேர்வு உள்ள பாடத்துக்கு மாறுவதைப் பற்றி ஒரு வார்த்தை. தேர்வுக்கு நான் எதிரி அல்ல. வரிச் சட்டத்தையும் நிதி அறிக்கை விதிகளையும் உட்கார்ந்து படித்து, நினைவில் ஏற்றி, எழுதிக் காட்டத்தான் வேண்டும். அவை தெரியாமல் கடைக்குப் போகிற மாணவருக்குக் கடையில் எதுவும் கண்ணில் படாது. அந்தப் பாடங்கள் அவளுக்கு மற்ற பருவங்களில் இருக்கின்றன, இருக்கும். இந்த ஒரு பாடம் இப்படி இருக்கட்டும். நேர்காணலில் முதலாளிகள் மதிப்பார்களா என்ற கவலையும் வேண்டாம். நான் ஆட்களைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்த மேசைகளில், புள்ளிகளைப் பார்த்த பிறகு கேட்கப்படும் முதல் கேள்வி 'நீங்களாக எதைச் செய்தீர்கள்?' என்பதுதான். கடன் நோட்டிலிருந்து பேரேட்டுக்கு ஒரு கடையைக் கொண்டு வந்தேன், இந்த இடத்தில் தொகை ஒத்துப்போகவில்லை, காரணத்தை இப்படிக் கண்டுபிடித்தேன் என்று சொல்லக்கூடிய பெண்ணுக்குப் பதில் தேட வேண்டியிருக்காது.

இன்னொரு விஷயம், கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் அந்தக் கடைக்காரரின் பண விவகாரம் ஒன்றைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். அதை நான் வெளியிடவில்லை. மகள் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். வீட்டிலும் அவள் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. நேர்மை, நடுநிலை, திறமையும் கவனமும், இரகசியம் காத்தல், தொழிலுக்குரிய நடத்தை என்ற ஐந்தும் கணக்காளரின் அடிப்படை நெறிகள். வகுப்பில் அது மனப்பாடம் செய்யும் பட்டியல். லெபோ பாசாரில் அது ஒரு மனிதரின் மானம். தன் கணக்கை ஒரு மாணவிக்குத் திறந்து காட்டியவரின் நிலைமை ஃபெரி ஏறிப் பிறை வரை வந்துவிட்டது. அவளைத் திட்டாதீர்கள். இனி கடையின் தொகைகளை வீட்டில் பேச வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள், நீங்களும் கேட்காதீர்கள். கிடங்கு அனுபவத்தைச் சொல்லிக் கொடுக்க எந்தத் தொகையும் தேவையில்லை.

கடைசியாகத் தொழிற்பயிற்சி. உறவினரின் கையெழுத்து வேண்டவே வேண்டாம். உங்கள் நிலைமையில் மூன்று மாதம் சம்பாத்தியம் இல்லாமல் இருப்பது பாரம் என்று எனக்குத் தெரியும். அதை லேசாக எண்ணிப் பேசவில்லை. ஆனால் போகாத இடத்துக்குப் போனதாக எழுதுவது பொய் ஆவணம். எண்கள் உண்மை என்று ஊர் நம்புவதற்காகக் கையெழுத்துப் போடப் போகிற தொழிலுக்குள் அவள் பொய்க் கையெழுத்தோடு நுழையக் கூடாது. கண்டுபிடிக்கப்பட்டால் பட்டமே நின்றுபோகலாம். கண்டுபிடிக்கப்படாவிட்டாலும் நட்டம் பெரிதுதான்: தொழிற்பயிற்சிக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு கிரெடிட் வீதம் கொடுக்கிறார்கள். 12 வாரம் என்றால் ஆறு கிரெடிட், இரண்டு முழுப் பாடங்களுக்குச் சமம். கடன் வாங்கிக் கட்டிய பணத்தில் இரண்டு பாடங்களைத் தூக்கி எறிவதைப் போலத்தான்.

படித்தொகை தரும் இடத்தைத் தேடுங்கள். பெரிய தணிக்கை நிறுவனங்களின் பெயருக்காகக் கோலாலம்பூர் போய், தரும் தொகையை அறை வாடகைக்கே கொடுப்பதைவிட, பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம், ஜார்ஜ் டவுன் பக்கம் நடுத்தரத் தணிக்கை நிறுவனம் ஒன்றில் சேர்ந்து வீட்டிலிருந்தே போய் வருவது உங்களுக்கு ஏற்றது. சிறிய இடத்தில் பயிற்சியாளரை ஒரே மேசையில் கட்டிப் போட மாட்டார்கள். வங்கிக் கணக்கு ஒப்பீடும் வரும், இருப்பு எண்ணும் இடத்துக்குப் போய் நிற்கவும் நேரும். காலமும் முக்கியம். தனியார் நிறுவனங்கள் நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் கணக்குகளைப் பங்குதாரர்களுக்கு அனுப்ப வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம். பல நிறுவனங்களின் ஆண்டு டிசம்பர் 31-இல் முடிவதால் ஜனவரியிலிருந்து ஜூன் வரை தணிக்கை அலுவலகங்களில் கை ஓயாது. அவளுடைய பயிற்சி அந்த மாதங்களில் விழுந்தால் நல்லது. விண்ணப்பத்தை இப்போதே அனுப்பத் தொடங்கட்டும். சேரும் முன்பு நான்கு விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்: மாதப் படித்தொகை எவ்வளவு, யார் மேற்பார்வையாளர், எந்த வகை வேலைகள், விபத்துக் காப்புறுதி பல்கலைக்கழகத்தினுடையதா நிறுவனத்தினுடையதா.

உறவினரிடம் மறுப்பை நீங்களே சொல்லிவிடுங்கள், மகளைச் சொல்ல வைக்காதீர்கள். அவருடைய நிறுவனத்தில் உண்மையாகவே கணக்குப் பிரிவு இருந்து, தினமும் வரச் சொல்லி வேலை கொடுத்து, தங்க இடமும் பார்த்துத் தருவார் என்றால் அதையும் ஒரு விண்ணப்பமாக அவள் அனுப்பலாம். மற்ற நிறுவனங்களிடம் கேட்கும் அதே நான்கு கேள்விகளை அவரிடமும் கேட்கட்டும்.